அப்பா வைத்துவிட்டுப் போன பாக்கி

"உங்கப்பா உனக்கு என்ன வெச்சுட்டுப் போனார்?" என்று யாராவது கேட்டால் நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன். ஒரு நாற்காலி, ஒரு சைக்கிள், சொஸைட்டியில் கொஞ்சம் கடன்.

நாற்காலி இருந்தது விழுப்புரத்தில். நான் இருந்தது திண்டிவனத்தில். நடுவில் சுமார் 40 கிலோமீட்டர். கருணை அடிப்படையில் வேலை கிடைத்த புதிதில், காலை பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றபடி போவேன். (இன்னொரு கால் யார் கால் மேலாவது இருக்கும்!)

அந்த நாற்காலியில் உட்காருவதற்குள் பட்ட பாடு இருக்கிறதே... ஆர்டரை எடுத்துக்கொண்டு போய் நின்றால், "இதுல கையெழுத்துப் போட்டவர் மாத்தலாகிப் போயிட்டாருப்பா. புதுசா வந்தவர் ஓகே பண்ணணும்" என்றார்கள். மூன்று மாதம் அலைந்தேன். ஒரு வழியாக உட்கார்ந்த வாரமே சொஸைட்டியிலிருந்து கடுதாசி. அப்பாவின் சர்வீஸ் பணத்தில் பிடித்தது போக பாக்கி 38 ஆயிரம் ரூபாய். வாரிசு கட்டவும்.

வாங்கியது அவர். செலவு செய்தது அவர். கட்டுவது நானா? அன்று வந்த கோபத்துக்கு, கையில் ஒரு கத்தியும் வாசலில் ஒரு குதிரையும் இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

கோபம், கத்தி, குதிரை மூன்றும் இருந்த ஒருவர் எங்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். செஞ்சி தேசிங்கு ராஜா!

நம்மில் பலருக்குத் தேசிங்கு என்றால் 1960-ல் வந்த எம்.ஜி.ஆர். படம். அசல் ஆசாமியின் பெயர் தேஜ் சிங். நம் வாயில் நுழைந்து தேசிங்கு ஆகிவிட்டது. ஊரும் செஞ்சி இல்லை. வடக்கே புந்தேல்கண்ட். அவர் கதையும் அப்பாவின் நாற்காலியில்தான் ஆரம்பிக்கிறது.

மராட்டியரிடமிருந்து செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க ஔரங்கசீப்பின் படை ஏழெட்டு வருஷம் மல்லுக்கட்டி, 1698-ல்தான் பிடித்தது. பிறகு கோட்டைக்குத் தலைவராக பாதுஷா அனுப்பிய ராஜபுத்திரப் பிரபு சொரூப் சிங். கோட்டை, ஜாகீர், அதிகாரம் எல்லாம் பாதுஷாவின் பர்மானில் வந்தவை. நம் பாஷையில் சொன்னால், நல்ல போஸ்ட்டிங்.

1707-ல் ஔரங்கசீப் காலமானார். டில்லி சிம்மாசனம் மியூஸிக்கல் சேர் ஆகிவிட்டது. ஆற்காட்டில் இருந்த நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டால், சொரூப் சிங் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையில் இருந்த இங்கிலீஷ் கம்பெனியோடு வேறு சண்டை. 1714-ல் அவர் கண்ணை மூடியபோது, வருஷக்கணக்கில் கப்பம் பாக்கி.

பிள்ளை தேஜ் சிங், இளம் மனைவியோடு புந்தேல்கண்டிலிருந்து வந்து அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். வயசு இருபத்திரண்டு என்கிறார்கள். ஆற்காட்டிலிருந்து ஆள் வந்தது.

"பாக்கி?"

"என் அப்பாவுக்கு பாதுஷாவே பர்மான் கொடுத்திருக்கார். நீ யார் கேட்க?"

"அது ஔரங்கசீப் கொடுத்தது. இப்ப பாதுஷா பரூக்சியார். புது உத்தரவு எங்கே?"

பேச்சு என் கற்பனை. விஷயம் சரித்திரம். இதைப் படித்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம். முன்னூறு வருஷத்துக்கு முன்பே நம் ஆபீஸ் நடைமுறை இருந்திருக்கிறதே!

இது செஞ்சியின் ஸ்பெஷல் என்றும் நினைத்துவிடாதீர்கள். முதலாம் எலிசபெத் ராணியின் செல்லப்பிள்ளையாக இருந்த எஸெக்ஸ் பிரபு ராபர்ட் டெவெரோவுக்கும் இதே தலையெழுத்துதான். 1576-ல் அப்பா இறந்தபோது பையனுக்குப் பத்து வயசு. வந்து சேர்ந்தது பிரபு பட்டமும் மலை போல் கடனும். வளர்ந்ததும் ராணி அவருக்கு இனிப்பு ஒயின் இறக்குமதியில் வரி வசூலிக்கும் குத்தகையைக் கொடுத்தார். அதில்தான் வண்டி ஓடியது. 1600-ல் குத்தகையைப் புதுப்பிக்க ராணி மறுத்துவிட்டார். அடுத்த வருஷமே எஸெக்ஸ் ஆள் சேர்த்துக்கொண்டு லண்டன் தெருவில் கலகம் செய்யப் புறப்பட்டார். அதே மாதம் தலை போயிற்று.

விசாரணையில் அவருக்கு எதிராக வாதாடியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பேக்கன். எஸெக்ஸ் பதவிக்கு சிபாரிசு செய்து, நிலமும் கொடுத்து ஆதரித்த அதே சிநேகிதர்!

இங்கேதான் செஞ்சி வேறு மாதிரி. தேசிங்குக்கு ஒரு சிநேகிதன், மகபத் கான். கல்யாணப் பந்தலில் இருந்தவன், தேசிங்கு சண்டைக்குப் போகிறான் என்று கேட்டதும் எழுந்து வந்துவிட்டான் என்கிறது கதைப் பாட்டு. சிங்கவரம் ரங்கநாதரிடம் தேசிங்கு உத்தரவு கேட்டபோது, 'இன்று போகாதே' என்று சுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று இன்றும் சொல்வார்கள். சுவாமி பேச்சையே கேட்காதவர் யார் பேச்சைக் கேட்பார்? நவாபின் பெரும் படைக்கு எதிரே சில நூறு பேர். 1714 அக்டோபரில் ஒரே நாளில் முடிந்தது. சிநேகிதர்கள் இருவருமே திரும்பவில்லை. வந்து பத்து மாதம்கூட ஆகாத அந்தப் பெண் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் இராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் என்பார்கள். அப்பா பாக்கிக்கு அவளும் சேர்த்துக் கட்டினாள்.

எனக்கும் ஒரு சிநேகிதன் உண்டு. ஆபீஸில் எல்லோருக்கும் அவன் 'பாய்'. சொஸைட்டிக் கடுதாசியை வைத்துக்கொண்டு நான் குதித்தபோது, டீக்கடைக்கு இழுத்துப் போனான்.

"என்னடா பண்ணப் போறே?"

"கோர்ட்டுக்குப் போறேன். வேலையே போனாலும் சரி."

"உங்கம்மாவுக்கு யாரு சோறு போடறது? உன் பேர்ல லோன் போட்டு அப்பா பேரை அடைச்சுடு. ஜாமீன் நான் போடறேன்."

போட்டான். நாலு வருஷத்தில் மாதா மாதம் பிடித்து முடித்தேன். ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது.

கிட்டத்தட்ட இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், பன்னிரண்டாவது நம் செஞ்சி! பேப்பரைப் பார்த்ததும் பாய்க்கு போன் அடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம்.

கீழே கல்யாண மகால், களஞ்சியம், நவாப் கட்டிய மசூதி. ஜெயித்தவர் கல்லில் கட்டிவிட்டுப் போனார். ஊர் பாடியதென்னவோ தோற்ற இருவரை. ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. பாதியிலேயே முழங்கால் ராஜினாமா கொடுத்துவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்தோம்.

பேச்சுவாக்கில் பாய் சொன்னான்: "இந்த வருஷம் பேத்திக்கு வளையல் போட்டேண்டா. அந்தக் காலத்துல தங்கச்சி கல்யாணத்துக்கு மூணு வட்டிக்கு வாங்கினேன், ஞாபகமிருக்கா?"

"மூணு வட்டியா? சொஸைட்டில கேட்க வேண்டியதுதானே?"

"ஜாமீன் போட்டவனுக்கு எங்கேடா லோன்? அது முடிஞ்சாத்தான் தருவேன்னுட்டான்."

சொல்லிவிட்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். யாருக்குப் போட்ட ஜாமீன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அந்தக் கல்யாணத்தில் மூன்று பந்தி பரிமாறியவன் நான். பிரியாணி ரொம்ப ஜோர் என்று வேறு சொன்னேன். இத்தனை வருஷமாக ஒரு நாள்கூட அவன் வாயைத் திறக்கவில்லை.

மகபத் கான் சிநேகிதனோடு சாகப் போனான். பாட்டுக் கட்டிவிட்டார்கள். என்னைக் குதிரையில் ஏறவிடாமல் இழுத்து உட்கார வைத்து, அதற்கு மூணு வட்டி கட்டியவனுக்கு யார் பாட்டுக் கட்டுவது?

அப்பாவின் பாக்கி தீர்ந்தது. என் பாக்கி எவ்வளவு என்று அந்தப் பாறையில்தான் தெரிந்தது. இதை வாங்கிக்கொண்டு ரசீது தரும் கவுண்ட்டர் எங்கே இருக்கிறது, ஸார்?

கீழே இறங்கி ஓட்டலில் டிபன் சாப்பிட்டோம். பில்லை நான் எடுத்தேன். வழக்கமாகப் பிடுங்கிக்கொள்பவன், அன்று என் முகத்தைப் பார்த்தான். தடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு வடை சொல்லுடா" என்றான். "வட்டிக்கு!"