டிரா என்றால் தோல்வியா?

ஜோகுபாளையம், அல்சூர் பக்கம் நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் செஸ் போட்டிக்குப் போவது இப்போது சாதாரணம். பையன் திரும்பி வந்ததும் "ஜெயிச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. "டிராப்பா" என்றால் போதும், "இதுக்கா பஸ் சார்ஜ் கொடுத்து அனுப்பினேன்?" என்று அப்பாவுக்குக் கோபம் வந்து விடுகிறது. இந்தக் கோபம் நியாயமா?

சென்னையில் 2013 நவம்பர் 9-ந் தேதி நடந்ததைப் பார்ப்போம். உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டம். நார்வே வீரர் கார்ல்சனுக்கு வெள்ளைக் காய். நம் விஸ்வநாதன் ஆனந்துக்குக் கறுப்பு. முதலில் ஆடுவது வெள்ளை. எனவே அனுகூலமும் அதற்கே.

கார்ல்சன் குதிரையை முதலில் எடுத்தார். பிறகு இருவருமே ராஜா பக்கத்துக் குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அது நின்ற இடத்தில் மந்திரியை வைத்தார்கள். ஆர்ப்பாட்டமில்லாத தொடக்கம்தான். ஆனால் ஆனந்தின் குதிரை முன்னேறி வந்து வெள்ளை மந்திரி ஒன்றை வீட்டுக்கே திருப்பி அனுப்பியது. அடுத்து அதே குதிரை ராணியை விரட்டியது. ராணி ஒதுங்கிய இடத்துக்கும் குறி வைத்தது. ராணி அங்கும் இங்குமாகப் போய் வர, 16-வது நகர்த்தலில் ஆட்டம் டிரா ஆயிற்று.

பதினாறே நகர்த்தலா என்று சிலர் கேட்கலாம். கறுப்புக் காயை வைத்துக் கொண்டு, எதிராளியின் அனுகூலத்தை அவ்வளவு சீக்கிரம் அழித்தது சாமர்த்தியம் அல்லவா?

டிரா மட்டுமே பட்டம் தந்து விடாது என்பதும் உண்மை. அந்தப் போட்டியில் ஏழு ஆட்டங்கள் டிரா ஆகியும், கார்ல்சன் 6½–3½ என்று வென்றார். ஆனால் 2024-ல் சிங்கப்பூரில் என்ன நடந்தது? சென்னைப் பிள்ளை குகேஷ் 12-வது ஆட்டத்தில் தோற்றார். 13-வது ஆட்டம் 68 நகர்த்தல் நீண்டு டிரா ஆனது. 14-வதில் வென்று பதினெட்டு வயதில் உலகப் பட்டம் பெற்றார். அந்தப் போட்டியின் 14 ஆட்டங்களில் ஒன்பது டிரா!

சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று நாலு காய் நகர்த்திக் கை குலுக்கும் பிள்ளையைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரரிடம் கறுப்புக் காயோடு தாக்குப் பிடித்து வந்தவனையும் அதே தராசில் நிறுத்தலாமா? அவன் கொண்டு வந்தது அரைப் புள்ளி, பூஜ்யம் அல்ல.

ஆகவே பெற்றோர் கேள்வியை மாற்றட்டும். "எந்தக் காய்? எப்படி ஆரம்பித்தாய்? எங்கே இடறினாய்?" என்று கேட்கட்டும். செஸ் தெரியாத அப்பாவும் கேட்கக் கூடிய கேள்விகள்தான். பதில் சொல்லச் சொல்லப் பையன் அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகி விடுவான்.