மூத்த பிள்ளைகளின் ஊரில் கிருபை

"ஒண்டும் செய்யத் தேவையில்லை, நம்பினாக் காணும், மோட்சம். நல்ல வசதியான சமயம்தான்!"

எங்கட கன்ரீனில் கிறிஸ்தவர்களைப் பற்றி அடிக்கடி விழுகிற பகிடி இது. சொல்லுறவை கெட்டவை இல்லை. உழைச்சால்தான் கூலி, படிச்சால்தான் கம்பஸ் எண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, நற்செயலால் இல்லை, கிருபையால்தான் மீட்பு என்ற போதனை ஒரு குறுக்குவழியாகத்தான் தெரியும். இந்தப் பகிடி பிழை என்று சொல்லவே இதை எழுதுகிறேன். இதற்கு இடம் கொடுத்த எங்கட சபைகளில் அதைவிடக் கூடப் பிழை இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேணும்.

போதனை சிக்கலானது இல்லை. மனிசன் எவ்வளவு நல்லது செய்தாலும் அதைக் காட்டிக் கடவுளிடம் உரிமை கேட்க ஏலாது. மீட்பு ஒரு கொடை, ஆகையால் அதை வைத்து ஒருத்தரும் பெருமையடிக்கவும் ஏலாது. எபேசியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வது இதுதான். 1517 இல் பாவத் தண்டனைக்குச் சலுகைச் சீட்டு விற்பதை மார்ட்டின் லூதர் எதிர்த்ததில் தொடங்கிய சண்டையும் கடைசியில் இதில்தான் வந்து நின்றது. 'இது புரட்டஸ்தாந்துக் கதை' என்று தள்ளவும் முடியாது. 1999 ஒக்ரோபர் 31 இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலகச் சம்மேளனமும் கூட்டாகக் கையெழுத்திட்ட பிரகடனத்திலும், எங்கள் தகுதியால் இல்லை, கிருபையால்தான் என்பதை இரண்டு பகுதியும் ஏற்றுக்கொண்டன.

இது யாழ்ப்பாணத்துக்கு நேற்று வந்த சரக்கும் இல்லை. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையில் இறங்கினார்கள். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. பிரசங்க மேடையில் அவர்கள் கிருபையைப் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் சோதினை வைத்தார்கள். யாழ்ப்பாணம் இரண்டையும் பார்த்து, இரண்டாவதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. 1857 இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். இரண்டு பேருமே பிறகு சைவத்துக்குத் திரும்பினார்கள். அது அவர்கள் யோசித்து எடுத்த முடிவு, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஊர் அவர்களைப் பற்றிச் சொல்லும்போது முதலில் சொல்வது எது? பட்டம். இருநூறு வருசமாகியும் எங்கட மரியாதை அதே இடத்தில்தான் நிற்கிறது.

ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலில் தொடங்குது. பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி. பிறகு ஓ.எல்., ஏ.எல்., இசட் புள்ளி. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தீவு முழுதுக்குமான 'மெரிட்', 55 வீதம் மாவட்டம் என்று எங்களுக்கு மனப்பாடம். மெரிட் என்பது இறையியலிலும் பழைய சொல்தான். மனிதன் தன் செயலால் கடவுளிடம் சேர்க்கிற தகுதிக்கு அதுதான் பெயர். லூதர் மல்லுக்கட்டியது அந்தச் சொல்லோடு. நாங்கள் ஒவ்வொரு வருசமும் பேப்பரில் படம் போட்டுக் கொண்டாடுவதும் அதே சொல்லைத்தான்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் ஊதாரி மகன் கதை இருக்கிறதே, அதில் எல்லாரும் இளையவனைப் பற்றித்தான் பிரசங்கிப்பார்கள். எனக்கு எங்கட ஊர் தெரிவது மூத்தவனில். சொல் கேட்டவன், தோட்டத்தில் நிண்டு முறிஞ்சவன், ஒருநாளும் வீட்டுக்கு வெட்கம் தேடித் தராதவன். தம்பி திரும்பி வந்ததுக்குக் கொழுத்த கன்றை அடிச்சவுடன் வாசலிலேயே நிண்டிட்டான், உள்ளே வரமாட்டான் எண்டு. தங்கச்சிமாரைக் கரைசேர்க்க வெளிநாடு போன மூத்தவர்களையும், தாய் தகப்பனைப் பார்க்க ஊரில் நிண்ட மூத்தவர்களையும் பாருங்கோ. எல்லார் கையிலும் ஒரு கணக்குப் புத்தகம். 'நான் இவ்வளவு செய்தன், எனக்கு என்ன கிடைச்சது?' அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதோடு நித்திரை கொள்ள ஏலாது.

இங்கேதான் கிருபை எனக்கு ஆறுதல். மூன்றாம் தரமும் ஏ.எல். சரிவராத பிள்ளைக்கு 'இன்னும் முயற்சி செய்' என்பதைத் தவிர எங்கட ஊரிடம் வேறு சொல் இல்லை. 2009 இல் முள்ளிவாய்க்காலில் சனத்துக்குள்ளே ஒரு கையை விட்டிட்டு வந்தவர்களுக்கு அந்தச் சொல்கூட இல்லை. எத்தனை தானம், எத்தனை நேர்த்தி செய்தால் அந்தக் கணக்கு நேராகும்? ஆகாது. 'கணக்கை மூடு, நீ என்ர பிள்ளை' என்று வேறு ஒருத்தர் சொன்னால்தான் உண்டு. அதைச் சோம்பேறிகளின் சமயம் என்கிறவர்கள், தீர்க்க முடியாத கடனோடு வாழும் ஒருவரையும் கிட்ட நின்று பார்த்திருக்கமாட்டார்கள்.

சைவ நண்பர்களுக்கு ஒன்று: இது உங்களுக்குப் புதிய பாஷை இல்லை. உமாபதி சிவாச்சாரியார் தன் நூலுக்கு வைத்த பெயரே திருவருட்பயன். வாயில் நீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்து இறைச்சி படைத்த கண்ணப்பர், எந்த ஆகமச் சோதினையில் பாஸ் பண்ணியிருப்பார்? தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947 இல் முதல் பேராயரான சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்ன பொருளில் வருகிறது என்று ஒப்பிட்டு 1964 இல் ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவரவில்லை. இந்த ஊரில் இரண்டு பக்கமும் கதைக்கக்கூடிய விசயத்தைப் பகிடியோடு முடிக்கிறோம் என்பதுதான் என் கோபம்.

இனி எங்கட சபைகளுக்கு வருவம்.

கிருபையைப் பிரசங்கித்துவிட்டு, யார் எவ்வளவு காணிக்கை தந்தார் என்று வாசிக்கிற சபைகள் இருக்கின்றன. 'விசுவாசம் காணாது, அதுதான் சுகம் வரேல்ல' என்று நோயாளியிடமே சொல்கிற போதகர்கள் இருக்கிறார்கள். விசுவாசத்தையும் புள்ளி போடுகிற பாடமாக்கினால் மிச்சம் என்ன? எல்லாத்தையும்விடப் பெரிய வெட்கம் சாதி. ஒருத்தருக்கும் பெருமையடிக்க ஒன்றுமில்லை என்று ஞாயிறு காலையில் கேட்டுவிட்டு, பின்னேரம் கலியாணப் பேச்சில் 'அவை என்ன ஆக்கள்?' என்று விசாரிக்கிறோம். கிருபையை நம்புகிறவனுக்குப் பிறப்பு ஒரு தகுதியாக இருக்கவே முடியாது. சாதி பார்க்கிற சபை கிருபையை மறுதலிக்கிறது. அதைப் பலவீனம் என்று மழுப்பக்கூடாது.

கிருபைக்கு எதிரான ஆகக் கனமான கேள்வி வேறு. 'அப்ப கொலை செய்தவனுக்கும் மன்னிப்போ?' 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு முன்னால் நின்று இதற்குப் பதில் சொல்ல வேணும். 'மன்னிச்சு மறவுங்கோ' என்று அவர்களுக்குச் சொல்வது கிருபை இல்லை. நாசிகளை எதிர்த்து 1945 இல் தூக்கிலிடப்பட்ட டீட்ரிச் பொன்ஹோஃபர், மனந்திரும்பாமல் வாங்கும் மன்னிப்புக்கு 'மலிவான கிருபை' என்று பெயர் வைத்தார். லூக்கா 19 இல் வரும் சக்கேயுவைப் பாருங்கோ. இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வருகிறார், ஒரு நிபந்தனையும் போடவில்லை. அதன் பிறகு சக்கேயு எழும்பி, ஏமாற்றி எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்கிறான். பறிகொடுத்த சனத்திடம் 'பரவாயில்லை எண்டு விடுங்கோ' என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கிருபை கிடைத்தவன் உண்மையைச் சொல்லுவான், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பான், நீதிமன்றத்துக்கும் போவான். இவை ஒன்றும் செய்யாத அரசு நல்லிணக்கம் பேசுகிறபோது அதற்கு ஆமென் சொல்லுகிற வேலை எங்கட சபைகளுக்கு வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்னக் கோரிக்கை. ஏ.எல். முடிவு வந்த கிழமை, சித்தியடைந்த பிள்ளைகளை மட்டும் முன்னுக்குக் கூப்பிட்டு மாலை போடுவதைச் சபைகள் நிறுத்தட்டும். ஒன்றில் சோதினை எழுதின எல்லாரையும் கூப்பிடுங்கோ, இல்லாட்டி ஒருத்தரையும் கூப்பிடாதேங்கோ. பெயிலான பிள்ளை அந்த ஞாயிறு பயமில்லாமல் வந்து முன்வாங்கில் இருக்குமெண்டால், அந்தச் சபை கிருபையை நம்புது எண்டு நானும் நம்புவன்.