தீர்ப்பு நகல் மட்டும் போதாது

விக்கிப்பீடியாவில் ஒரு வழக்கைப் பற்றிக் கட்டுரை எழுதி, அது நீக்கப்பட்டால், எழுதியவர் கேட்கும் முதல் கேள்வி: "உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன வழக்காயிற்றே, இன்னும் என்ன வேண்டும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அண்ணன் தம்பி வரப்புத் தகராறும் டில்லி வரை போகிறது. தீர்ப்புத் தொகுப்பில் பக்க எண்ணோடு அச்சாகவும் செய்கிறது.

வழக்கில் சம்பந்தப்படாதவர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்றுதான் விக்கிப்பீடியாவில் பார்ப்பார்கள். தீர்ப்பு நகல் முதல்நிலைச் சான்று. என்ன தீர்ப்பு என்று சொல்லப் பயன்படும், அந்த வழக்கு பேசப்பட்டது என்று காட்டப் பயன்படாது. வாதாடிய வக்கீலின் பேட்டி ஒரு தரப்பின் குரல். ஒரே செய்தி நிறுவனம் அனுப்பிய நாலு வரி பத்து நாளிதழ்களில் வந்திருந்தாலும் கணக்குக்கு ஒன்றுதான்.

1951இன் செண்பகம் துரைராஜன் வழக்கில் இந்தச் சிக்கல் எழாது. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றானது. அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, இட ஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் 15(4) பிரிவு சேர்ந்தது. வழக்குத் தொடுத்தவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது உட்பட, சட்டக்காரர்களும் வரலாற்றாசிரியர்களும் அலசித் தீர்த்துவிட்டார்கள்.

சட்டத்தில் புதுமை இருந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 1944இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை தொடர்பான வழக்கை, அதில் குற்றம் சாட்டப்பட்ட திரை நட்சத்திரங்களான தியாகராஜ பாகவதருக்காகவும் கலைவாணருக்காகவும் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஓயாத பேச்சே தகுதி.

தொடர் கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் விஷயம் சற்று நுட்பமானது. கொலைகள் ஒரு கட்டுரை. சிறையில் அவர் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடுவதைத் தடுக்க முடியுமா என்ற வழக்கு வேறொன்று. வெளிவரும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்று 1994இல் தீர்ப்பானது. 2017இல் அந்தரங்க உரிமையை ஒன்பது நீதிபதிகள் ஆராய்ந்தபோதும் அந்தத் தீர்ப்பை எடுத்துப் பார்த்தார்கள். குற்றத்தின் பரபரப்பு ஒருபுறம், தீர்ப்பின் நெடிய ஆயுள் மறுபுறம். இரண்டையும் ஒரே பக்கத்தில் திணித்தால் பின்னது அமுங்கிப்போகும்.

போன வாரம் பதிவான வழக்குகளில்தான் நான் கறாராக இருப்பேன். குற்றம் சாட்டப்பட்டவர் ஊர் பேர் தெரியாத ஆளாக இருந்தால் இன்னும் கறாராக. நாளை அவர் விடுதலையாகலாம். பெயரைத் தட்டினால் முதலில் வருவது அந்தக் கட்டுரையாகவே இருக்கும். தீர்ப்பு வருவதற்குள் ஏதேனும் சொல்லியாக வேண்டுமென்றால், தொடர்புடைய சட்டத்தின் பக்கத்தில், ஆள் பெயரில்லாமல், இரண்டு வரி போதும். ஆய்வுகள் சேர்ந்த பிறகு அந்த இரண்டு வரியைத் தனிக் கட்டுரையாகப் பிரித்துக்கொள்ளலாம்.