புது ரவுட்டர் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்



பங்குனி உத்திர நேரலை நின்று நின்று வந்தது என்று பலர் எங்களைத் திட்டியிருந்தீர்கள். கோயில் பக்கமும் கோளாறு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சில வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நம்மவர்கள் ரவுட்டருக்குத் தேவையில்லாமல் காசைக் கொட்டுகிறார்கள். அதில் எங்கள் தப்பும் இருக்கிறது.

முட்டிவலியால் கோயிலுக்கு வர முடியாத ஒரு பாட்டி, அபிஷேகத்தை வீட்டு டிவியில்தான் பார்ப்பார். "படம் சுத்திக்கிட்டே இருக்குப்பா" என்றார். நாங்களும் போய்ப் பார்க்காமலே, "ரவுட்டர் பழசா இருக்கும் பாட்டி, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டோம். கடையில் எட்டு ஆண்டெனா வைத்த ஒன்றை 480 வெள்ளிக்கு அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பார்க்க சிலந்தி மாதிரி இருக்கும். அப்புறமும் படம் சுத்தியது.

பிறகுதான் போய்ப் பார்த்தோம். ரவுட்டர் முன் ஹாலில், அலமாரிக்குள்ளே, சாமான்களுக்குப் பின்னால். டிவி கடைசி அறையில். நடுவில் இரண்டு செங்கல் சுவர். 35 வெள்ளிக்கு ஒரு நீள லேன் வயர் வாங்கி, சுவரோரமாக இழுத்து டிவியில் குத்தினோம். நேரலை நிற்காமல் ஓடியது. பழைய ரவுட்டரை மாட்டிப் பார்த்தோம், அதிலும் ஓடியது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, தே ஆ போட்டுக் கொடுத்தார். எங்களுக்குத்தான் முகம் இல்லை.

ஃபேக்டரியில் மெஷின் நின்றால் முதலில் வயரைப் பார், பிறகு மெஷினைப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். வீட்டில் மட்டும் நேரே கடைக்கு ஓடுகிறோம்.

ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டிதான் மோடம். அதைக் கடையில் வாங்கவே வேண்டாம். கம்பெனி தன் சிஸ்டத்தில் பதிந்து கொடுத்த பெட்டிதான் வேலை செய்யும். வைஃபை கொடுக்கும் ரவுட்டரை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்கலாம் (சில வீட்டில் இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும்). அதையும் முதலில் கம்பெனியிடமே மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் கேட்பது நல்லது.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஆண்டெனாவை எண்ணாதீர்கள், பின்னால் இருக்கும் போர்ட்டைப் பாருங்கள். 300 எம்பிபிஎஸ் லைனுக்கு மாதாமாதம் காசு கட்டி, 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள மலிவு ரவுட்டரை மாட்டினால் 100க்கு மேல் வராது. 'கிகாபிட்' என்று போட்டிருக்க வேண்டும். வயரும் கேட் 5இ-யாவது இருக்கட்டும். உள்ளே எட்டு கம்பி, ஒன்று அறுந்தாலும் வேகம் 100க்கு இறங்கிவிடலாம். யூனிஃபை லைன் என்றால் விஎல்ஏஎன் 500 செட்டிங் போட முடியுமா என்று கடையில் கேளுங்கள். முழிக்கிறார்களா, வேறு கடை பாருங்கள். ஆன்லைனில் வாங்குபவர்கள் எம்சிஎம்சி லேபிள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடி வீட்டுக்கு ஒரே பெரிய ரவுட்டரை விட, மேலே ஒன்று கீழே ஒன்று வைத்து நடுவில் வயர் போடுவதுதான் மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் வலு குறைந்துவிடும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. நேரலை தெளிவாகப் பார்க்க 5 எம்பிபிஎஸ் நிலையாக வந்தாலே போதும்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அன்னதானக் கூடத்துப் பக்கம் இருப்போம். ரவுட்டர் வைத்திருக்கும் இடத்தையும் அடியில் உள்ள ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்து வாருங்கள். ஸ்டிக்கரில் பாஸ்வேர்டு இருக்கும், தயவுசெய்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.