தோட்டா நிரப்பத் தொடங்குகிறவரின் முதல் செலவு

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் பலர் சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டை எறிவதில்லை. புது பிரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். புதியவர் முதலில் கேட்பது, "எந்த மருந்து அதிக வேகம் தரும்?" என்றுதான். கேள்வியே தப்பு என்பேன்.

முதல் காசு நல்ல தராசுக்கும், மருந்து நிறுவனங்கள் வெளியிடும் அளவுப் புத்தகத்துக்கும் போகட்டும். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். சில கிரெய்ன் கூடினாலே துப்பாக்கி வெடித்துக் கண் போகலாம். பெயரையும் நம்பாதீர்கள்: ஐஎம்ஆர் 4350 வேறு, ஹாட்ஜ்டன் எச்4350 வேறு. ஒன்றின் அளவு மற்றதற்கு ஆகாது. மேசையில் ஒரே டப்பா மருந்துதான் இருக்க வேண்டும்.

கருவியில், ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யும் சாதாரண பிரஸ் போதும். வேகமான பிரஸ் தப்பையும் வேகமாகச் செய்யும். நிதானம் இல்லாதவருக்குக் கடைத் தோட்டாவே மேல்.