கேட்கும் விலை நியாய விலையாகுமா?

கணினி விளையாட்டுகளில் வரும் அரிய பொருள்களுக்கு 'நியாய விலை' குறித்துக் கொடுப்போர் இன்று பலர். பட்டியலிட்டு, வரைபடம் காட்டி, 'இதன் மதிப்பு இவ்வளவே' எனத் தீர்ப்புரைக்கின்றனர். அதை நம்பி இளைஞர் பணத்தைக் கொடுக்கின்றனர். அத்தீர்ப்பின் அடிப்படை என்ன என்று நாம் கேட்டேயாக வேண்டும்.

கவுன்ட்டர்-ஸ்டிரைக் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். 2013 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் அதில் ஆயுதங்களுக்கு வண்ணப் பூச்சுகளைக் கொண்டுவந்தது. பூச்சு ஆயுதத்தின் வலிமையைக் கூட்டுவதில்லை; தோற்றத்தையே மாற்றுகிறது. அரிய கத்தியைப் பெறும் வழிகளுள் ஒன்று, சாவி வாங்கிப் பெட்டியைத் திறப்பது. சாவி ஒன்று ஏறத்தாழ 2.50 டாலர். 2017-இல் சீனாவில் வெளியான விகிதப்படி, கத்தி போன்ற பொருள் கிட்டும் வாய்ப்பு 0.26 விழுக்காடு; சராசரியாக 385 பெட்டிகளுக்கு ஒன்று. சாவிகளுக்கே 950 டாலருக்கு மேல் ஆகிறது. 'இத்தனை செலவானதால் இத்தனை பெறும்' என்பர் சிலர். செலவு விலையாகிவிடுமா? கத்திகள் பல நூறு, இருநூறு டாலருக்கே கைமாறுகின்றனவே!

விற்பவர் கேட்கும் தொகையே விலை என்பர் வேறு சிலர். கேட்பது ஆசை, கொடுக்கப்பட்டதே விலை. ஒரே பெயருள்ள இரு பொருள்களுக்குள்ளும் வேறுபாடுண்டு. தேய்மானத்தை 0 முதல் 1 வரையான எண் குறிக்கிறது, வண்ணக்கோலமும் மாறுபடும். அப்படியிருக்க, என்றோ நடந்த ஒரே விற்பனையைக் கொண்டு மதிப்புரைப்பது எங்ஙனம் தகும்?

இன்னொன்றையும் மறைக்கின்றனர். ஸ்டீம் சந்தையில் விற்பவர் கையில் 100 டாலர் சேர, வாங்குபவர் 115 டாலர் தர வேண்டும். சேர்ந்த தொகையையும் ரொக்கமாக எடுக்க வழியில்லை. அங்கேயே செலவிட வேண்டும்.

அருமை என்பதும் நிலையானதன்று. 2025 அக்டோபரில், சிவப்புத் தரப் பொருள்கள் ஐந்தைக் கொடுத்துக் கத்தியோ கையுறையோ பெறலாம் என விதி மாறிற்று. உடனே கத்திகளின் விலை பெரிதும் சரிந்தது. சிவப்புத் தரப் பொருள்களின் விலை ஏறிற்று. கத்தி மாறவில்லை, விதிதான் மாறியது. பிறர் ஆணையால் பெருகக்கூடிய ஒன்றைப் பொன்னென்றும் நிலமென்றும் எண்ணுவது பேதைமையன்றோ?

'இருவரும் மனமொப்பினால் போதாதா?' எனக் கேட்பாருளர். போதாது. தேய்மான எண்ணும் கோலத்தின் அருமையும் அறிந்த வணிகரும், பெயரை மட்டுமே அறிந்த சிறுவனும் செய்யும் பேரத்தில் ஒப்புதல் உண்டு, நியாயம் இல்லை. அறியாமையில் பெற்ற இசைவு, இசைவின் நிழலே.

ஆகவே, விலை கணிப்போரிடம் நாம் வேண்டுவது சிறிதே. நடந்த விற்பனைகளை மட்டும் எண்ணுக. அவை எத்தனை, எந்நாளில் நிகழ்ந்தன என்று சொல்லுக. கழிவையும் விதி மாறக்கூடும் என்பதையும் முன்னரே உரைக்க. சான்று குறைவெனில், ஒற்றை எண்ணை விடுத்து, 'இதற்கும் இதற்கும் இடையே' எனக் கூறுக. இவற்றைச் சொல்ல மறுப்பவர் விலை கணிப்பவரல்லர். தம் சரக்கிற்குக் கூவி ஆள் சேர்ப்பவரே.