டாவோவில் முருங்கைக்கீரை சூப், கூடவே ஒரு ஜப்பான் ரோபோ!

வெள்ளக்கடையில் இரவு ஒன்பது மணி என்றால் பிலிப்பைன்ஸின் டாவோ நகரத்தில் பதினொன்றரை. ஏற்காட்டு மலையிலிருந்து, அங்கே டாக்டருக்குப் படிக்கும் பிள்ளையிடம் பேச நினைக்கும் எந்த வீட்டுக்கும் இந்த இரண்டரை மணி நேரக் கணக்கு மனப்பாடம் ஆகிவிடும். இங்கே வேலையெல்லாம் முடித்து போனை எடுக்கும்போது, அங்கே பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சாப்பிட்டியா கண்ணு?" பின்னால் ஏதோ பொம்மைப்படம் ஓடும் சத்தம் கேட்டால் இரண்டாவது கேள்வியும் வரும்: "இன்னுமா கார்ட்டூன் பார்த்துட்டிருக்க?"

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். லட்சக்கணக்கில் கடன் வாங்கி அனுப்பிய வீட்டுக்குக் கேட்க உரிமை இல்லையா என்ன? ஆனால், இந்த இரண்டு கேள்விகளுக்குமான பதிலில், பிள்ளை அங்கே எப்படி இருக்கிறது என்பதன் பாதிக் கதை இருக்கிறது.

டாவோ மெடிக்கல் ஸ்கூல் ஃபவுண்டேஷன் உட்பட அந்த ஊர்க் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து பல வருடங்களாக மாணவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, வெயிலும் மழையும் நம்ம ஊர் மாதிரியே என்று அதற்குக் காரணங்கள் உண்டு. சேர்த்துவிடும் ஏஜென்ட்கள் தவறாமல் சொல்லும் இன்னொரு விஷயம், "அங்கே இந்திய மெஸ் இருக்கு". உண்மைதான். சாம்பார், சப்பாத்தி, முட்டைக் குழம்பு எல்லாம் கிடைக்கும். ஹாஸ்டல், மெஸ், வகுப்பு, மறுபடியும் ஹாஸ்டல் என்று ஐந்தாறு வருடத்தை அப்படியே ஓட்டிவிடலாம். ஓட்டிவிடுபவர்களும் உண்டு. ரசப்பொடி தீர்ந்த அன்று வரும் ஏக்கத்தை எண்ணி எண்ணியே நாள் கழியும். மெஸ் வாசலைத் தாண்டித் தெருக்கடைக்குப் போகிற பிள்ளைக்கு அந்த ஊர் வேறு மாதிரி திறக்கிறது.

அங்கே முதலில் காத்திருப்பது முருங்கை. ஃபிலிப்பினோ மொழியில் அதன் பெயர் 'மலுங்காய்'. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நம்ம முருங்கையின் தங்கச்சி மாதிரியே ஒலிக்கும். 'டினோலா' என்ற கோழி சூப்பில் இஞ்சி, பப்பாளிக்காய், கூடவே இந்த மலுங்காய்க் கீரை. குழந்தை பெற்ற தாய்க்குப் பால் ஊற வேண்டும் என்று அந்த ஊர்ப் பாட்டிகள் கொடுப்பதும் இதைத்தான். நம்ம வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு முருங்கைக்கீரை பொரியல் வைக்கும் அம்மாச்சிக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது புளி. 'சினிகாங்' என்ற குழம்பின் உயிரே அதுதான். பழப்புளி அல்ல, பெரும்பாலும் புளியங்காய். மீனோ பன்றி இறைச்சியோ, தக்காளி, முள்ளங்கி, வெண்டைக்காய், வள்ளைக்கீரை எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். மிளகாய்த்தூள் இல்லை, பருப்பு இல்லை, தாளிப்பும் இல்லை. முதல் நாள் சாப்பிடும் தமிழ்ப் பிள்ளை "ரசத்துக்குப் பொடி போட மறந்துட்டாங்களோ" என்று நினைக்கும். நாலாவது முறை, காய்ச்சல் நாளில் அதையே தேடும்.

ஏற்காட்டுக்காரர்கள் பலாவைப் பற்றிக் கேட்பார்கள் இல்லையா? பலா இருக்கிறது. பிஞ்சுப் பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் வேக வைத்து 'கினதாங் லாங்கா' என்பார்கள். அதோடு டாவோ, டுரியன் பழத்துக்குப் பேர்போன ஊர். பலாப்பழ வாசனையே தாங்காது என்று மூக்கைப் பிடிப்பவர்கள் டுரியன் கடைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பல ஹோட்டல்கள் அறைக்குள் அதைக் கொண்டுவர விடுவதில்லை.

கஞ்சிக்குக் கருவாடு நமக்குத் தெரியும். அவர்கள் சாக்லேட் போட்ட அரிசிக் கஞ்சிக்குக் கருவாடு தொட்டுக்கொள்கிறார்கள். 'சம்பராடோ' என்று பெயர். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதா? இனிப்பும் உப்பும் மாறி மாறி நாக்கில் விழும்போது ஏன் என்று புரியும். வாத்துக் குஞ்சு பாதி வளர்ந்த நிலையில் அவித்துச் சாப்பிடும் 'பலுட்' முட்டையைப் பற்றி வீட்டில் சொல்லாமல் விட்டால் தப்பில்லை.

சைவப் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். காய்கறிக் கூட்டு என்று வாங்கினால், உள்ளே 'பகோயோங்' என்ற புளிக்கவைத்த இறால் விழுது இருக்கும். பாசிப்பயறைக் கீரையோடு வேக வைக்கும் 'முங்கோ' வெள்ளிக்கிழமைகளில் பல கடைகளில் கிடைக்கும். அதிலும் கருவாடோ இறைச்சியோ போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வாங்க வேண்டும்.

டிசம்பரில் இன்னொரு ஆச்சரியம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள், 16 முதல் 24 வரை, விடிவதற்கு முன்பே தேவாலயத்தில் பூசை நடக்கும். பூசை முடிந்து வெளியே வந்தால், ஊதா நிறத்தில் அரிசிமாவை மூங்கில் குழாயில் அவித்து, தேங்காய்த்துருவலும் நாட்டுச்சர்க்கரையும் தூவி வாழையிலையில் தருவார்கள். அதன் பெயர் 'புட்டோ பும்போங்'. புட்டோ! மூங்கில் குழாயில் புட்டு அவித்த வீடுகள் நம்ம பக்கமும் உண்டு. ஊர் விட்டு ஐந்தாயிரம் கிலோமீட்டர் அளவு தள்ளி வந்து, விடியற்காலைக் குளிரில் கையில் புட்டு வாங்கும் பிள்ளைக்கு அந்த நிமிடம் என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம்ம பக்கத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் இந்த மாணவர்கள் முதல் ஆட்களும் அல்ல. 1762இல் மதராஸிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயக் கப்பல் படை, ஸ்பெயினின் கையிலிருந்த மணிலாவைப் பிடித்தது. அந்தப் படையில் கம்பெனியின் சிப்பாய்களும் போனார்கள். 1764இல் ஆங்கிலேயர் கிளம்பியபோது சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் காயிந்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். நிலக்கடலை அரைத்து ஊற்றி மாட்டு வால் வேக வைக்கும் 'கரே-கரே' குழம்பின் பெயரும் அவர்களுடைய கறியிலிருந்துதான் வந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். அந்தச் சிப்பாய்களுக்கு வீடியோ கால் இல்லை, ரசப்பொடி பார்சலும் இல்லை. கிடைத்த கடலையை வைத்துக் குழம்பு வைத்திருப்பார்கள்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். கார்ட்டூன்.

டாவோவில் படிக்கும் பிள்ளை ஜப்பான் அனிமே பார்க்கிறது, ரோபோ பொம்மை சேர்க்கிறது என்றால் அது வீட்டிலிருந்து கொண்டுபோன பழக்கமாக மட்டும் இருக்காது. அந்த ஊருக்கும் ஜப்பானுக்கும் இருக்கும் உறவு பழையது, அதில் வலியும் உண்டு. வாழை இனத்தைச் சேர்ந்த அபாகா என்ற செடியின் நாருக்காக, 1900களின் தொடக்கத்திலிருந்தே ஜப்பானியர்கள் டாவோவுக்கு வந்து தோட்டம் போட்டார்கள். மிந்தால் என்ற பகுதியைக் 'குட்டி டோக்கியோ' என்றே கூப்பிட்டார்கள். காப்பித் தோட்டத்தைச் சுற்றியே வளர்ந்த ஏற்காட்டுக்கு, தோட்டம் ஓர் ஊரை எப்படி மாற்றும் என்பது தெரியும்.

போருக்கு முன் மணிலாவில் கடை வைத்திருந்த ஜப்பானியர்கள், சீவிய ஐஸின் மேல் பாகில் வேக வைத்த பயறு போட்டு விற்றார்கள். அதில் பிலிப்பைன்ஸ்காரர்கள் நுங்கு மாதிரியான பனங்காய்ச் சுளை, பலாச்சுளை, ஜெல்லி, ஊதா வள்ளிக்கிழங்கு என்று கண்டதையும் போட்டுக் கலக்க, இன்றைக்கு அது 'ஹாலோ-ஹாலோ'. 'கலந்து கலந்து' என்று அர்த்தம். மதுரைக்கு ஜிகர்தண்டா என்றால் அவர்களுக்கு இது.

பிறகு போர் வந்தது. 1942இலிருந்து ஜப்பான் ராணுவத்தின் பிடி. 1945 பிப்ரவரியில் மணிலாவே சுடுகாடானது. இறந்தவர்களில் ஒருவர் மரியா ஓரோசா. அமெரிக்காவில் படித்துவிட்டு ஊர் திரும்பிய உணவு வேதியியல் நிபுணர். தக்காளிக்குப் பதிலாக வாழைப்பழத்தை வைத்து கெச்சப் செய்தவர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். ஜப்பானியர் சிறை வைத்தவர்களுக்கு இவருடைய சோயா பொடி ரகசியமாகப் போய்ச் சேர்ந்தது. டாவோவின் ஜாலிபீ கடையில் இனிப்பு சாஸ் ஊற்றிய ஸ்பகெட்டியைப் பார்த்து முகம் சுளிக்கும் நம்ம பிள்ளைகள், பிலிப்பைன்ஸ் வீடுகளில் ஸ்பகெட்டி இப்படி இனிப்பதற்கு அந்த வாழைப்பழ கெச்சப்பும் ஒரு காரணம் என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு நடந்த நாட்டில், போர் முடிந்து 33 வருடம் கழித்து, 1978இல் ஒரு ஜப்பான் பொம்மைப்படம் டிவியில் வந்தது. 'வோல்டஸ் ஃபைவ்'. காணாமல்போன அப்பாவைத் தேடும் பிள்ளைகள், அவர்கள் ஓட்டும் ராட்சத ரோபோ, வேற்றுக்கிரகக் கொடுங்கோல் அரசன். நாட்டுக் குழந்தைகள் அத்தனை பேரும் பைத்தியமானார்கள். 1979இல், கதை முடிய இன்னும் சில வாரங்களே இருந்தபோது, சர்வாதிகாரி மார்க்கோஸின் அரசு அதைத் தடை செய்தது. வன்முறை அதிகம் என்றார்கள். கதையில் மக்கள் எழுந்து அரசனைக் கவிழ்க்கும் பகுதி வரப்போகிறதே, அதனால்தான் என்று பிள்ளைகள் வளர்ந்த பிறகு பேசிக்கொண்டார்கள். கடைசி அத்தியாயங்கள் 1999இல் தியேட்டரில் படமாகவே வந்தன. அப்பாவாகிவிட்ட பிறகு அதைப் பார்க்கப் போனவர்கள் உண்டு. 2023இல் அந்நாட்டு டிவியே அதை நிஜ மனிதர்களை வைத்து மறுபடி எடுத்தது.

ஆகவே, வார்டில் ஐம்பது வயது நோயாளியிடம் வோல்டஸ் ஃபைவ் பற்றி ஒரு வார்த்தை கேட்டால், மனிதர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இது சின்ன விஷயம் இல்லை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், டாவோவில் நோயாளி பேசுவது பிசாயா மொழி. "எங்கே வலிக்குது" என்று அவர் மொழியில் கேட்கத் தெரியாத மாணவருக்கு, வார்டில் பாதிப் பாடம் கைநழுவிப்போகும். மெஸ்ஸையும் ஹாஸ்டலையும் மட்டும் பார்த்த பிள்ளை அந்த மொழியை எங்கே பழகும்? தெருக்கடையில்தான் முதல் வார்த்தைகள் வரும். 'லாமி' என்றால் ருசி. 'கவோன் தா' என்றால் சாப்பிடலாம் வாங்க. தட்டில் ஒரு கை சோறு இருந்தாலும், கடந்துபோகிற ஆளைப் பார்த்து இப்படிக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். சர்க்கரை நோயாளி மூன்று வேளையும் என்ன சாப்பிடுகிறார் என்பதும், சாப்பிட்டுப் பார்த்தவருக்குத்தான் புரியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்க முடியாது. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக, எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300 கேள்விகளில் 150 மதிப்பெண் எடுத்தாக வேண்டும். எழுதுபவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே தேறுகிறார்கள். விடிய விடிய அனிமே பார்க்கும் பிள்ளையைக் கண்டிக்க வேண்டியதுதான். ரோபோ மாடல்களும், காஸ்பிளே உடைகளும் பணத்தை விழுங்கும். கல்விக்கடன் பணத்தில் அது கூடாது என்று கறாராகச் சொல்லலாம். ஆனால் வாரத்தில் ஒருநாள், நாலு ஃபிலிப்பினோ நண்பர்களோடு உட்கார்ந்து குண்டம் ரோபோவின் துண்டுகளைப் பொருத்துகிற பிள்ளை கெட்டுப்போகவில்லை. அங்கே அதற்கு நண்பர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். உண்மையில் பயப்பட வேண்டியது, "சாப்பிட்டேன், படிக்கிறேன், வைக்கிறேன்" என்று மூன்றே வார்த்தையில் போனை வைக்கும் பிள்ளையைப் பற்றித்தான்.

அனிமே நமக்கும் அவ்வளவு தூரம் இல்லை. ஷின்சான் தமிழ் பேசியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதானே இது? 2024 பிப்ரவரியில் சென்னையில் காமிக் கான் நடந்தபோது அனிமே வேஷம் போட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் டப்பிங்கிலேயே தியேட்டருக்கு வந்தது. போனில் அடுத்தமுறை அந்தச் சத்தம் கேட்டால், "அது என்ன கதை?" என்று ஒருமுறை கேட்டுத்தான் பாருங்களேன்.

கூடவே, லீவில் பிள்ளை வரும்போது டினோலா வைத்துப் பார்க்கலாம். நாட்டுக்கோழி அரைக்கிலோ. எண்ணெயில் நீளமாக நறுக்கிய இஞ்சி ஒரு கைப்பிடி, பூண்டு, வெங்காயம் வதக்கி, கோழியைப் போட்டுப் பிரட்டி, தண்ணீர் ஊற்றி வேக விடுங்கள். அங்கே மீன் சாஸ் ஊற்றுவார்கள். நமக்கு உப்பும் கொஞ்சம் மிளகும் போதும். கோழி வெந்ததும் பப்பாளிக்காய்த் துண்டுகள். அது கிடைக்காவிட்டால் சௌசௌ. அந்த ஊரிலும் அப்படித்தான் மாற்றிப் போடுவார்கள். காய் வெந்து, அடுப்பை அணைத்த பிறகுதான் முருங்கைக்கீரையைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் கசந்துவிடும்.